செந்நீர் ஆற்றின் கரையிலே

மாரி காலத்தில் மட்டும் ஓடி மறையும் வழுக்கையாற்றைத் தவிர வேறோர் ஆற்றை அறியாத யாழ்ப்பாணத்திலே பிறந்தவன் நான். ஆகவே ஆறு என்றதும் என் மனக்கண்ணில் எழுவது பார்த்துப் பழகிய ஆறன்று. படித்துப் பழகிய ஆறு. தெளிந்த நீர், துள்ளும் மீன், கரையிலே மருதமரம், நீருண்ண இறங்கும் மாடு, குடத்தோடு வரும் பெண்கள் என்று புலவர்கள் எனக்குக் காட்டிவைத்த ஆறு அது. பின்னாளில் மகாவலியைக் கண்டபோதும் அந்த எண்ணத்துக்குப் பங்கம் நேரவில்லை. ஆனால், சென்ற சித்திரை விடுமுறையிலே நான் கண்டுவந்த ஆற்றில் மீன் ஒன்றேனும் இல்லை. மாடு அதில் வாய் வைப்பதில்லை. குடத்தோடு எவரும் வருவதில்லை; வந்து மொண்டால் நீர் குடத்தையே அரித்துவிடும். அதன் நிறமோ, மணமக்களுக்குச் சுற்றும் ஆலாத்தித் தட்டிலே மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து நிற்கும் நீரின் நிறம்.

ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்கு மூலையிலே, அந்தலூசியாப் பகுதியைச் சேர்ந்த உவெல்வா மாகாணத்தில் ஓடும் இவ்வாற்றுக்கு ரியோ தின்தோ என்று பெயர். ரியோ என்றால் ஆறு. தின்தோ என்றால் சாயமேறியது. சிவந்த திராட்சை மதுவையும் அந்நாட்டார் இச்சொல்லாலேயே குறிப்பர். சியரா மொரேனா மலைத்தொடரில், இரும்புப் பாறை என்று பொருள்படும் பெஞ்ஞா தே இயேறோ என்னும் இடத்தருகே பிறந்து, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடி, உவெல்வா நகரத்தருகே அது அத்திலாந்திக் கடலை அடைகின்றது. 1492ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு புறப்பட்ட பாலோஸ் துறை இதன் கழிமுகத்திலேதான் இருக்கின்றது. நான் நாடிச் சென்றதோ கழிமுகத்தையன்று, ஆற்றின் தலைப்பக்கத்தை.

அதற்குக் காரணம் ஒரு மாணவன். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிப்பவன் நான். செம்பு பிரித்தெடுக்கும் பாடத்தை ஆண்டுதோறும் ஒரே வகையாகவே நடத்தி வந்தேன்: கந்தகத்தோடு கூடிய தாதுவை உலையிலிட்டு எரித்தால் கந்தகம் கந்தகவீரொட்சைட்டு வாயுவாகப் போகும், செம்பு நிற்கும். ஒரு நாள் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, "சேர், கந்தகத்தை எரிக்காமலே செம்பை எடுக்க ஏலாதா?" என்று கேட்டான். "ஏலும். பற்றீரியாக்கள் எடுத்துத் தரும்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நகைச்சுவை சொன்னதாக எண்ணிவிட்டார்கள். நான் சொன்னது உண்மைதான். ஆனால் புத்தகத்திலே படித்ததைச் சொன்னேனேயன்றி, கண்டு சொல்லவில்லை. அச்சிரிப்பு நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இலண்டனில் வாழும் என் தமக்கையாரும் அத்தானும் விடுமுறைக்கு என்னை அழைத்து, ஸ்பெயினுக்கு ஒரு வாரம் செல்வோம் என்றபோது நான் ரியோ தின்தோவின் பெயரைச் சொன்னேன். "தம்பி, உலகமெல்லாம் அங்கே கடற்கரைக்குப் போகுது, நீ சுரங்கத்துக்குப் போவோமெண்டு நிக்கிறாய்" என்று அக்கா சலித்துக்கொண்டார். அத்தான் மட்டும், "அவன் கேட்டது இது ஒண்டுதானே, போவம்" என்று தீர்ப்பளித்தார்.

செவில் நகரத்திலிருந்து வண்டி வடமேற்காக ஏறியது. முதலில் ஒலிவ மரத் தோட்டங்கள். பின்னர் தக்கை மரங்கள். போத்தலுக்கு அடைப்பான் செய்யும் தக்கை இம்மரத்தின் பட்டையே. பட்டை உரித்த மரங்கள் தோலுரித்தாற்போலச் சிவந்து நின்றன. அவற்றைப் பார்த்து வருந்திய அக்கா, ஒன்பது பத்து ஆண்டுகளில் பட்டை மீண்டும் வளர்ந்துவிடும் என்று கேட்டபின்பே ஆறுதலடைந்தார். மினாஸ் தே ரியோதின்தோ என்னும் ஊரை நெருங்கியதும் பச்சை குறைந்தது. மஞ்சள், ஊதா, செம்மை, கருமை என்று பல நிறத்துக் குன்றுகள் தோன்றின. அவற்றுட் பல குன்றுகளல்ல. மனிதர் தோண்டிக் குவித்த கற்களும் உலைக் கசடும். உரோமர் காலத்துக் கசடும் அங்கே இன்றும் கிடக்கின்றது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக இம்மலையை மனிதர் குடைந்து வருகின்றனர். பினீசியர் வெள்ளியை நாடினர். உரோமர் வெள்ளியும் செம்பும் எடுத்தனர். சுரங்கத்தில் ஊறிய நீரை மேலேற்றுவதற்கு அவர்கள் அமைத்த மரச் சக்கரங்களுட் சில அமிலமும் செம்பும் ஊறியமையாலேயே உக்கிப் போகாமல் பிற்காலத்தில் அகப்பட்டன.

கோர்த்தா அத்தலாயா என்னும் திறந்த சுரங்கத்தின் விளிம்பில் நின்றபோது மூவரும் சற்று நேரம் பேசவில்லை. நீளம் ஏறத்தாழ 1,200 மீற்றர், அகலம் 900 மீற்றர், ஆழம் 350 மீற்றருக்குக் குறையாது. படிப்படியாக வெட்டப்பட்ட சுவர்கள் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. அடியிலே செந்நீர் தேங்கி நிற்கின்றது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய திறந்த சுரங்கம் இது. இப்போது இதில் வேலை நடப்பதில்லை. அயலிலுள்ள செர்ரோ கொலராதோ சுரங்கம் 2001இல் மூடப்பட்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் பார வண்டிகளின் ஓசை எமக்குக் கேட்டது.

பழைய கம்பனி வைத்தியசாலையில் இப்போது நூதனசாலை இருக்கின்றது. அங்கே எம்மவர் கண்ணை முதலிற் கவர்வது தாதுவன்று, ஒரு புகையிரதப் பெட்டி. 'மகாராசா பெட்டி' என்று அதனை அழைக்கின்றனர். விக்டோரியா மகாராணியின் இந்தியப் பயணத்துக்கென 1892இல் பர்மிங்காமில் செய்யப்பட்டதாம். அப்பயணம் நடைபெறவே இல்லை. ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்பொன்சோ சுரங்கத்தைப் பார்வையிட வந்தபோது பயன்படுத்துவதற்காக அதனை இங்கே கொண்டுவந்தனர். அத்தான் அதன் மெத்தைகளையும் மரவேலையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் அவரை அங்கிருந்து பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்தப் பெட்டி இங்கே வந்ததற்கும் இவ்வூர் அனுபவித்த துன்பத்துக்கும் காரணம் ஒன்றே. 1873இல் ஸ்பானிய அரசாங்கம் பணமுடைக்கு ஆளாகி, இச்சுரங்கங்களைப் பிரித்தானிய முதலாளிகள் தலைமை தாங்கிய ஒரு கூட்டத்தாருக்கு விற்றுவிட்டது. அவர்கள் அமைத்ததே ரியோ தின்தோக் கம்பனி. அவர்கள் உவெல்வாத் துறைவரை இருப்புப்பாதை போட்டனர். தமக்கென பெயாவிஸ்தா என்னும் குடியிருப்பை அமைத்தனர். தனித் தனி வீடு, தேவாலயம், சங்கம், விளையாட்டு மைதானம், சுற்றிவர மதில். மலைநாட்டுத் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களைக் கண்டிருப்போருக்கு இதனை விவரிக்கத் தேவையில்லை. ஸ்பெயினுக்கு உதைபந்தாட்டம் வந்ததும் இவர்களாலேதான். உவெல்வாவில் 1889இல் தொடங்கிய கழகமே அந்நாட்டின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகமாகக் கொண்டாடப்படுகின்றது.

அக்காலத்தில் தாதுவிலிருந்து செம்பை எடுத்த முறை கொடியது. தாதுவை விறகின்மேல் மலைபோலக் குவித்துத் தீ மூட்டுவர். தெலேரா எனப்பட்ட இக்குவியல்கள் மாதக்கணக்காக வெட்ட வெளியிலே புகைந்துகொண்டிருக்கும். எரிந்தபின் நீர் ஊற்றிச் செம்பைக் கரைத்து, அக்கரைசலை இரும்புத் துண்டுகளின்மேல் ஓடவிட்டால் இரும்பு கரைந்து அதனிடத்திலே செம்பு படியும். எரிந்த கந்தகமெல்லாம் வானத்துக்குப் போய்ப் பள்ளத்தாக்கிலே இறங்கும். மரங்கள் பட்டன, பயிர்கள் கருகின. காற்றில்லாத நாட்களில் புகை தரையோடு படுத்துவிடும். இவ்வூரார் அதனை மந்தா, அதாவது போர்வை, என்று அழைத்தனர். போர்வை மூடிய நாளில் வேலை செய்ய முடியாது. வேலையில்லையென்றால் முழுக் கூலியும் இல்லை.

1888ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், சுரங்கத் தொழிலாளரும் அயலூர் விவசாயிகளும் மனைவி மக்களோடு ஊர்வலமாக வந்து நகரசபைக்கு முன்னாலுள்ள சதுக்கத்திலே கூடினர். தொழிலாளர் கேட்டது கூலி. விவசாயிகள் கேட்டது புகையில்லாத வானம். இரண்டு கோரிக்கையும் அன்று ஒன்றாகிவிட்டன. வரவழைக்கப்பட்டிருந்த போர்வீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படி இறந்தோர் 13 பேர். நூற்றுக்கு மேல் என்பது ஊரார் கணக்கு. அவ்வாண்டு இன்றும் அங்கே 'சூட்டாண்டு' என்றே வழங்கப்படுகின்றது. அதே மாதத்தில் திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்கும் அரச கட்டளையொன்று பிறந்தது; 1890இல் அது நீக்கப்பட்டது. புகை முற்றாக ஓய்ந்தது 1907ஆம் ஆண்டளவிலேதான். மக்கள் வீழ்ந்த அந்தச் சதுக்கத்தைப் பார்க்க விரும்பினேன். அதைப் பார்க்க முடியாது. சுரங்கம் விரிய விரியப் பழைய ஊரே இடிக்கப்பட்டுவிட்டது.

அந்நாட்களிலேயே இன்னொரு வழியும் இங்கே தெரிந்திருந்தது என்பதுதான் என்னை மிகவும் நெருடியது. எரிக்காத தாதுவைக் குவித்து வைத்து அதன்மேல் நீர் விட்டுக்கொண்டேயிருந்தால், காற்றும் நீருமே மெல்ல மெல்லச் செம்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். புகை இல்லை. ஆனால் மாதக்கணக்கில் கிடைப்பது ஆண்டுக்கணக்கில் கிடைக்கும். புகையை விட்ட பிறகு கம்பனியார் பெரிதும் நம்பியது இம்முறையையே. குவியலுக்குள்ளே காற்றும் நீரும் வேலை செய்வதாக அவர்களுடைய இரசாயனர் கருதினர். அங்கே வேறொருவரும் வேலை செய்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வேறொருவரைக் காணும் பொருட்டே பிற்பகலில் பழைய சுரங்கப் புகையிரதத்தில் ஏறினோம். மரப் பெட்டிகளோடு அது ஆற்றங்கரை ஓரமாக 12 கிலோமீற்றர் சென்று திரும்புகின்றது. இருமருங்கும் துருப்பிடித்த இயந்திரங்களும் கைவிடப்பட்ட பெட்டிகளும் கசட்டு மேடுகளும். பின்னர் வண்டி நின்றது, கீழே இறங்கினோம்.

நிறத்தை முன்னமே சொல்லிவிட்டேன். எதிர்பாராதது தெளிவு. வெள்ளத்திலே கலங்கி வரும் செம்பாட்டு மண்ணை நாம் கண்டிருக்கிறோம்; அதுபோலன்று இது. ஒரு சாண் ஆழத்திலே கிடக்கும் கல்லைக் காணலாம். பாலில்லாத தேநீரினூடே கிண்ணத்தின் அடியைக் காண்பதுபோல. ஓரத்துக் கற்களில் மஞ்சளும் காவியுமாகப் படிவுகள் தோல்போலப் படர்ந்திருந்தன. வழிகாட்டியாக வந்த பெண்மணி, நீரின் புளிப்பு ஏறக்குறைய எலுமிச்சம்பழச் சாற்றின் அளவு என்றார். பீ-எச் அளவு 2.3க்கு அண்மியது, அவர் சொன்னது சரியே. "கையை நனைக்கலாம்; கண்ணில் படவிடாதீர்கள்; உடுப்பில் பட்டால் கறை போகாது" என்றும் எச்சரித்தார். கடைசி எச்சரிக்கை முடியுமுன்பே அத்தானுடைய வெள்ளைச் சப்பாத்து நனைந்துவிட்டது.

"செம்பு எங்கே?" என்று அக்கா கேட்டார். நீருக்குள்ளே கரைந்திருக்கின்றது என்றேன். "அதை ஆர் கரைச்சது?" என்றார். வகுப்பிலே நான் விட்ட குறையை அவ்வாற்றங்கரையில் அமர்ந்து தீர்த்துக்கொண்டேன். அவருக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்துச் சொல்கிறேன்.

பொன்னைப்போல மினுங்கி ஏமாற்றும் பைறைற்று என்னும் கல் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதனோடு செம்பும் கூடியது சல்கோபைறைற்று. இவற்றை நீர் கரைக்காது. ஆனால் இரும்புக்குக் கரைசலிலே இரு நிலைகள் உண்டு: ஒன்று பெரிக்கு, மற்றது பெரசு. பெரிக்கு இரும்பு தீட்டிய அரிவாள் போன்றது. தாதுவை வெட்டிச் செம்பை விடுவிக்கும். வெட்டியதும் அதன் கூர் மழுங்கிப் பெரசு ஆகிவிடும். மழுங்கிய அரிவாளைக் காற்றிலுள்ள ஒட்சிசன் மீண்டும் தீட்டித் தரும். எனினும், புளித்த நீரிலே அந்தத் தீட்டல் மிக மிக மந்தமாகவே நடைபெறும். வெறுங்காற்றை நம்பியிருந்தால் இந்த ஆறு இப்படிச் சிவந்திராது.

அரிவாளை ஓயாமல் தீட்டிக் கொடுக்கும் கொல்லர்களே அப்பற்றீரியாக்கள். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுடைய சின்னஞ்சிறு உயிர்கள். பெரசு இரும்பைப் பெரிக்கு இரும்பாக மாற்றும்போது பிறக்கும் சொற்ப சத்தியே அவற்றுக்கு உணவு. உடலைக் கட்டுவதற்கு வேண்டிய காபனைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து பெறுகின்றன. மரஞ்செடிகளும் அவ்வாறே செய்கின்றன, ஆனால் அவற்றுக்கு ஒளி வேண்டும். இவற்றுக்கு ஒளியும் வேண்டாம், உப்புப் புளி தேடிக் கொடுக்கும் தாயும் வேண்டாம். கல்லைத் தின்று அமிலத்தில் வாழ்வன. இவை இருக்குமிடத்தில் அந்தத் தீட்டல் பத்து இலட்சம் மடங்கு வரை விரைவுபடக்கூடும் என்று 1970இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பாலுக்கு உறையிட்டுத் தயிராக்குவதும், அப்பமாவைக் கள் விட்டுப் புளிக்க வைப்பதும் எம் வீடுகளிலே நித்தம் நடப்பவை. கண்காணா உயிர்களிடம் வேலை வாங்குவது எமக்குப் புதிதன்று என்றேன். அக்கா ஆற்றைப் பார்த்துவிட்டு, "எங்கட மா இவ்வளவு புளிச்சால் ஊத்திப்போடுவம்" என்றார்.

இவற்றை மனிதர் கண்டுபிடித்தது செம்பைத் தேடியன்று. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் நீர் ஏன் புளிக்கின்றது என்று ஆராய்ந்த கோல்மர், இங்கிள் என்னும் இருவர் 1947இல் இப்பற்றீரியாவை அறிவித்தனர். 1951இல் தயோபசிலஸ் பெரோஒட்சிடான்ஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் அது அசிடிதயோபசிலஸ் என்று மாற்றப்பட்டிருக்கின்றது. பெயரை நீட்டுவதில் விஞ்ஞானிகளுக்கு உள்ள ஆர்வம் மாணவருக்கு இல்லை. அமெரிக்கச் செப்புக் கம்பனி ஒன்று, இவ்வுயிரைக் கொண்டு தாதுவைக் கரைக்கும் முறைக்கு 1958இல் உரிமைப் பத்திரம் பெற்றது. தீமை செய்வதாக இனங்காணப்பட்ட உயிர் பதினோராண்டில் கூலியாளாக அமர்த்தப்பட்டுவிட்டது.

ஆனால் இந்தக் கூலியாள் எல்லா வேலைக்கும் இணங்குபவனல்லன். குவியல்களிலே கிடக்கும் தரங்குறைந்த தாதுவை மெல்லக் கரைப்பதில் அவனுக்கு இணையில்லை. சிலி நாட்டிலே 1980 முதல் லோ அகீரே சுரங்கத்திலும், 1994 முதல் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மலையுச்சியிலுள்ள கெப்ராதா பிளாங்காவிலும் அவ்வாறே செம்பு எடுத்தனர். உலகத்துச் செம்பின் பெரும்பகுதியோ வேறு வழியாக வருகின்றது. நூற்றுக்கு ஒரு பங்கு செம்புகூட இல்லாத கல்லை மாவாக அரைத்து, நுரைமிதப்பு முறையாலே மண்ணைக் கழித்து, நூற்றுக்கு 25, 30 பங்கு செம்புள்ள செறிதாதுவாக்கி உலைக்கு அனுப்புகின்றனர். இச்செறிதாது மாவாக இருப்பதனால் அதைக் குவித்து நீர் விட்டால் சேறாகிக் காற்றும் நீரும் புகமாட்டா. பெரிய தாங்கிகளிலே நீரோடு கலந்து, காற்றை ஊதி, ஓயாது கலக்கிக்கொண்டே பற்றீரியாக்களை வளர்க்க வேண்டும். அதிலும் ஓர் இடர் உண்டு. செறிதாதுவில் மிகுந்திருப்பது சல்கோபைறைற்று. சாதாரண வெப்பத்திலே சிறிது கரைந்ததும் அதன்மேல் ஓர் ஆடை படர்ந்து கரைவது நின்றுவிடும்.

இதற்கு வழி வெந்நீர் ஊற்றுக்களிலே கிடைத்தது. கொதிநிலைக்குச் சற்றே குறைந்த வெப்பத்திலும், அமிலத்திலும் வாழ்கின்ற ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் அங்கே உள்ளன. அவற்றைத் தாங்கியிலிட்டு 80 பாகை செல்சியசுக்கு அண்மிய வெப்பத்தில் வைத்தால், வாரக்கணக்கில் அசையாத சல்கோபைறைற்று நாட்கணக்கில் கரைகின்றது. சிலியின் சுக்கிகமாத்தாவிலே ஆண்டுக்கு 20,000 தொன் செம்பு தரத்தக்க மாதிரி ஆலையொன்று 2003இல் இம்முறையில் அமைக்கப்பட்டது. அங்குள்ள செறிதாதுவில் ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்திருப்பதனால் உலைக்காரர் அதனை விரும்புவதில்லை. தாங்கியிலோ அந்நஞ்சு வானத்துக்குப் போகாமல், இரும்போடு சேர்ந்து திண்மமாகப் படிந்துவிடும். முறை பலிக்கும் என்பது அங்கே தெளிவாயிற்று.

பலித்தும் அது உலகெங்கும் பரவவில்லை. தாங்கியைக் கலக்க மின்சாரம் வேண்டும், ஒட்சிசன் வேண்டும், மிஞ்சும் அமிலத்தைச் சுண்ணாம்பிட்டு ஆற்ற வேண்டும், அதனால் விளையும் சேற்றை எங்கேனும் கொட்ட வேண்டும். புகையில்லை என்பதனால் குப்பையும் இல்லை என்று நான் வகுப்பிலே சொல்லிவிடக்கூடாது. நவீன உலைகளோ கந்தகப் புகையைப் பிடித்துக் கந்தகவமிலமாக்கி விற்கின்றன. ஆகவே செறிதாதுவின் பெரும்பங்கு இன்றும் உலைக்கே போகின்றது. தாங்கி முறை நன்கு வேரூன்றியது பொன்னிலே. தென்னாபிரிக்காவின் பெயார்வியூ சுரங்கத்தில் 1986இல் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. உகண்டாவின் கசேசேயில் நடந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கிலெம்பே செப்புச் சுரங்கத்தார் விட்டுச் சென்ற பைறைற்றுச் செறிதாதுக் குவியலிலிருந்து அமிலம் வடிந்து, அயலிலிருந்த தேசிய வனத்தைப் பட்டுப்போகச் செய்துகொண்டிருந்தது. 1999 முதல் அக்குவியலை அள்ளித் தாங்கிகளிலிட்டு, அதே பற்றீரியாக்களைக் கொண்டே கரைத்து, கோபாற்று உலோகத்தை எடுத்தனர். வெளியிலே காட்டை அழித்த உயிர் தாங்கிக்குள்ளே கூலிக்கு உழைத்தது.

நான் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது வழிகாட்டிப் பெண்மணி அருகே வந்து நின்றிருந்தார். அவர் தாமும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தவர். "இந்த ஆற்றைக் கெடுத்தது சுரங்கமா, இயற்கையா?" என்று அவரிடம் கேட்டேன். இரண்டும் என்றார். மனிதர் இங்கே கல்லுடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே அமில நீர் படியவைத்த இரும்புப் படுகைகள் கரையின் மேட்டிலே உள்ளன. ஆகவே ஆறு முன்னமே சிவந்துதான் இருந்தது. அதன்மேல் ஐயாயிரம் ஆண்டுத் தோண்டல் எத்தனையோ புதுக் கல்லைக் காற்றுக்கும் மழைக்கும் திறந்துவிட்டது. பிறகு அவர் எம்மை ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று குனிந்து பார்க்கச் சொன்னார். செந்நீரின் அடியிலே கல்லில் பசும்பாசி இழையிழையாக அசைந்துகொண்டிருந்தது. மீன் வாழாத நீரில் பாசியினங்கள் பல வாழ்கின்றன. செவ்வாய்க் கிரகத்திலே உயிர் இருந்திருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்று அறிய விரும்பிய விஞ்ஞானிகள், 2003 முதல் சில ஆண்டுகள் ஆற்றின் ஊற்றுக்கண்ணருகே துளையிட்டு ஆராய்ந்தது இதனாலேதான்.

திரும்பும் வழியிலே அக்கா கேட்ட கேள்வி என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை. "எங்கட நாட்டிலையும் செம்பு இருக்கோ?" இருக்கின்றது. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பகுதியிலே, காந்தக்கல்லோடு கூடிய செப்புத் தாது 1971இல் கண்டறியப்பட்டது. அதிலுள்ளதும் சல்கோபைறைற்றே. அப்பக்கத்திலே மகாவலியின் கிளையான வெருகலாறு ஓடுகின்றது. அதிலே மீன் உண்டு, அதை நம்பி வயலும் குடிகளும் உண்டு. கல்லை வெளியிலே போட்டுவிட்டு மழைக்கு விடும் எவரும் பற்றீரியாவைத் தேடி வாங்கி வரவேண்டியதில்லை. அது தானாகவே வந்துவிடும். ஒரு நாள் அங்கே செம்பு எடுக்க எவரேனும் முன்வந்தால், கல் எங்கே கிடக்கும், அதன்மேல் விழுந்த மழை எங்கே போகும் என்பதை முதலிலே கேட்கவேண்டும். என் மாணவருள் ஒருவனேனும் அக்கேள்வியைக் கேட்கும் இடத்தில் இருப்பானாயின் நன்று.

நூதனசாலையிலே சிறிய பைறைற்றுக் கல்லொன்றை விலைக்கு வாங்கி வந்தேன். ஆய்வுகூட அலுமாரியிலே, பழைய பரீட்சை வினாத்தாள் ஒன்றின்மேல் அதனை வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கி ஆய்வுகூடச் சுவரெல்லாம் ஈரமூறிய நாட்களில் அதனை மறந்துவிட்டேன். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தபோது கல்லின் ஒரு பக்கம் மினுக்கம் குன்றி, மஞ்சட்பொடி பூத்திருந்தது. அடியிலிருந்த தாள் பழுத்து உடைந்தது. வகுப்பிலே அனைவருக்கும் முன்னால், அந்தப் பொடியைச் சில துளி நீரில் கரைத்து, நீலப் பாசிச்சாயத்தாளை அதில் தோய்த்தோம். தாள் சிவந்தது. முன்னே கேள்வி கேட்ட மாணவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அவனுடைய தம்பி முன்வாங்கிலே இருந்தான். "சேர், இது காத்தின்ர வேலையோ, பற்றீரியாவின்ர வேலையோ?" என்று கேட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை நுணுக்குக்காட்டியை வெளியே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.